யாரும் பார்க்காமல் நாள் முழுக்க ஓடும் டிவி குழந்தையின் கவனத்தைப் பாதிக்குமா?

நித்திலா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான், கணவர், ஒன்றே முக்கால் வயது மகன், என் அப்பா என்று நான்கு பேர். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் பகலில் பையனைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

விஷயம் டிவி. காலையில் எழுந்ததும் போடுவார், படுக்கப் போகும்போதுதான் அணைப்பார். செய்தி, விவாதம், இடையில் ஏதாவது பழைய படம். பாதி நேரம் அவரும் பார்ப்பதில்லை. நாளிதழ் படிப்பார், அப்படியே கண்ணயர்ந்துவிடுவார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமும் அதிகம். "வீடு வெறிச்சென்று இருந்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது" என்று ஒருமுறை சொன்னார். அதற்கப்புறம் அணைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பையன் டிவி பார்ப்பவன் இல்லை. அவனுக்காக எதுவும் போடுவதும் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சியில் வளையம் கோக்கிற சாமானை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். பெரிய வளையத்தைப் போட்டுவிட்டான். அடுத்ததை இரண்டு கையாலும் பிடித்து, ஓட்டையைக் குச்சிக்கு நேராகக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து விளம்பரம் வந்தது, பெரிய இசையோடு. தலை சட்டென்று திரும்பியது. இரண்டு மூன்று நொடிதான் பார்த்திருப்பான். திரும்பியவன் கையிலிருந்த வளையத்தை ஒரு பார்வை பார்த்தான், கீழே போட்டான், எழுந்து காரை எடுக்கப் போய்விட்டான். கார் உருட்டும்போது விவாதத்தில் யாரோ உரக்கக் கத்தினார்கள். மறுபடி தலை திரும்பியது. கார் அங்கேயே கிடந்தது.

மதியம் அப்பா உள்ளே தூங்கப் போனதும் டிவியை அணைத்தேன். அதே வளையங்களோடு ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டான். தப்பு வரிசையில் கோத்து, எல்லாவற்றையும் உருவி, மறுபடி கோத்து.

இது தற்செயலா? பார்க்காத டிவி கூட குழந்தையைத் தொந்தரவு செய்யுமா? இப்படியே போனால் கவனக் குறைபாடு என்கிறார்களே, அது வந்துவிடுமா? அப்பாவின் மனசு நோகாமல் என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கயல்:

நித்திலா, நீங்கள் பார்த்தது தற்செயல் இல்லை. அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். நான் குழந்தைகளுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சி தருபவள். பேச்சு தாமதமாகும் குழந்தைகளின் வீடுகளுக்கு நேரில் போவது என் வேலையில் ஒரு பகுதி. உள்ளே நுழைந்ததும் டிவி ஓடுகிறதா, ஓடினால் யார் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

உங்கள் வீட்டில் நடந்ததைக் கிட்டத்தட்ட அப்படியே ஓர் ஆய்வில் செய்து பார்த்திருக்கிறார்கள். மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆண்டர்சனோடு வேலை செய்த மேரி எவன்ஸ் ஷ்மிட் முதலானோர் 2008-இல் வெளியிட்டது. 1, 2, 3 வயதில் மொத்தம் 50 குழந்தைகள். விளையாட்டுச் சாமான்களோடு ஒரு மணி நேரம் விட்டார்கள். அதில் அரை மணி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஒன்று அறையில் ஓடியது, மற்ற அரை மணி நேரம் டிவி கிடையாது. குழந்தைகள் டிவி பக்கம் திரும்பியது நிமிடத்துக்கு ஒரு தடவைகூட இல்லை. திரும்பினாலும் சில நொடிதான். அப்படியிருந்தும், ஒரு சாமானோடு விடாமல் விளையாடும் நேரம் குறைந்தது. ஆழ்ந்து விளையாடும் நேரமும் குறைந்தது. 'என் பிள்ளை டிவி பக்கமே திரும்புவதில்லை' என்று சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏன் இப்படி என்றால், புதிதாக ஒரு சத்தம் கேட்டால் தலை திரும்புவது நாம் பிறக்கும்போதே கொண்டுவருவது. 'அது என்ன?' என்று உடம்பே கேட்கும் அனிச்சைச் செயல் என்று ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் இதை விவரித்தார். டிவியில் குரல் மாறும், இசை ஏறும், கைதட்டல் வரும், விளம்பரம் வந்தால் எல்லாமே மாறும். காதில் விழும் பேச்சு நமக்குப் புரிகிறது. நமக்கு வேண்டியது அதில் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறோம். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளையால் அது முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தே ஆகவேண்டும். அதைவிடக் கஷ்டம் திரும்பி வருவது. என்ன செய்துகொண்டிருந்தோம், அடுத்து எதைச் செய்ய இருந்தோம் என்று மனசில் பிடித்து வைக்கும் சக்தி அந்த வயதில் மிகக் கொஞ்சம். வளையத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே போட்டான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஓட்டையைக் குச்சிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் அந்த மூன்று நொடியில் கலைந்துவிட்டது. கையில் வளையம் இருக்கிறது, எதற்கு எடுத்தோம் என்பது இல்லை.

ஆழ்ந்து விளையாடுவது எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் பிறகு நீங்களே சட்டென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். கால் ஆட்டுவது நிற்கும். பொம்மையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோவார்கள். முகம் கொஞ்சம் இறுகும், சிலருக்கு உதடு பிதுங்கும். கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். அந்த நேரத்தில் நாம்கூடக் குறுக்கே போகக் கூடாது. பசிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதெல்லாம் அப்புறம். கவனம் பழகுவது அங்கேதான். யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை, குழந்தை தானாகத் தொடங்கியதைத் தானாக முடிக்க விடுவதால் வருகிறது.

சரி, என் பெரிய கவலை இதுவல்ல. டிவி ஓடும்போது பக்கத்தில் இருக்கும் பெரியவரின் வாயும் மூடிக்கொள்கிறது. ஆண்டர்சன் குழுவில் இருந்த ஹெதர் கிர்கோரியன் முதலானோர் 2009-இல் 51 குழந்தைகளை ஆளுக்கு ஒரு பெற்றோரோடு இதே மாதிரி அறையில் வைத்துப் பார்த்தார்கள். டிவி ஓடிய அரை மணி நேரத்தில் பெற்றோர் குழந்தையோடு ஈடுபடுவது குறைந்தது, ஈடுபட்டபோதும் தரம் குறைந்தது. அதே ஆண்டு டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழு இன்னொன்று செய்தது. 2 மாதம் முதல் 4 வயது வரையுள்ள 329 குழந்தைகளின் உடையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, காதில் விழுவதையெல்லாம் பதிந்தார்கள். டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன.

வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். குழந்தை எதையோ தூக்கிக் காட்டி "ஊ!" என்னும். பெரியவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்ம், ஆமா" என்பார். தவறான மனிதர் இல்லை, பாசம் இல்லாமலும் இல்லை. ஆனால் குழந்தை எதைக் காட்டியது என்று அவர் பார்க்கவில்லை. அதனால் அதன் பெயரைச் சொல்லவில்லை. நாலு தடவை இப்படி ஆனால் குழந்தை காட்டுவதையே குறைத்துக்கொள்ளும். சொல் கற்பதற்கு இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அதன் பெயர் காதில் விழ வேண்டும். டிவி கெடுப்பது இதைத்தான்.

அதனால் உங்கள் அப்பாவிடம் "டிவி கெட்டது" என்று தொடங்காதீர்கள். "அவன் விளையாட உட்காரும்போது மட்டும் அணைத்துவைக்கலாமா அப்பா?" என்று கேளுங்கள். அவன் தூங்கும் நேரம் முழுக்க அவருடைய நேரம், எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

மாறன்:

நான் நாள் முழுக்க டிவி ஓடிய வீட்டில் வளர்ந்தவன். கூட்டுக் குடும்பம், எப்போதும் பத்துப் பேர் சத்தம். இன்று மணிக்கணக்காக உட்கார்ந்து நிரல் எழுதுகிறேன், கவனத்தில் ஒரு குறையும் இல்லை. ஆய்வுகளை மதிக்கிறேன், ஆனால் 770 சொல் கணக்கு எனக்கு உறுத்துகிறது. டிவி அதிகம் ஓடும் வீடுகளில் பெரியவர்கள் களைப்பாகவோ குறைவாகப் பேசுபவர்களாகவோ இருக்கலாம் இல்லையா? டிவிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் பயப்படும் பெற்றோரை இன்னும் பயமுறுத்த வேண்டாமே என்றுதான் கேட்கிறேன்.

கயல்:

மாறன், கேட்க வேண்டிய கேள்விதான். கிறிஸ்டாகிஸின் ஒலிப்பதிவு ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது. அது வீட்டில் இயல்பாக நடந்ததைப் பதிந்தது, அவ்வளவுதான். ஆனால் 2008, 2009 ஆய்வுகள் அப்படி இல்லை. அதே குழந்தை, அதே பெற்றோர், அதே ஒரு மணி நேரம். மாறியது டிவி ஒன்றுதான். அங்கே களைப்பு, குணம் என்று வேறு காரணம் தேட இடமில்லை.

நித்திலா கேட்ட கவனக் குறைபாடு பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டியது, இப்போது சொல்கிறேன். 2004-இல் கிறிஸ்டாகிஸ் குழு வெளியிட்ட ஓர் ஆய்வு, 1, 3 வயதில் அதிகம் டிவி பார்த்த குழந்தைகளுக்கு 7 வயதில் கவனச் சிக்கல்கள் அதிகம் என்றது. அது உலகம் முழுக்கப் பரவி நிறையப் பெற்றோரைக் கலங்கடித்தது. அதே தரவை 2010-இல் வேறு ஆய்வாளர்கள் எடுத்து, வீட்டின் வறுமையையும் தாயின் கல்வித் திறனையும் கணக்கில் சேர்த்து மறுபடி பார்த்தார்கள். அந்தத் தொடர்பு நிற்கவில்லை. ஆகவே பின்னணியில் டிவி ஓடினால் கவனக் குறைபாட்டு நோய் வந்துவிடும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். இன்றைய அரை மணி நேர விளையாட்டு கலைகிறது, இன்றைய பேச்சு குறைகிறது. என் கவலையெல்லாம் இந்த இரண்டைப் பற்றித்தான்.

உங்கள் வீட்டைப் பற்றியும் ஒன்று. பத்துப் பேர் இருந்தார்கள் என்றால், அதில் யாராவது ஒருவர் எப்போதும் உங்களைத் தூக்கி வைத்துப் பேசிக்கொண்டிருந்திருப்பார். நித்திலா வீட்டில் பகலில் இருப்பது ஒரே ஒரு பெரியவர். அவர் கவனமும் டிவிக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்குப் பேச்சுத்துணை யாரும் இல்லை.

தேன்மொழி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஏழு மாதக் குழந்தை. நாள் முழுக்க அவளும் நானும் மட்டும். பெரிய மனிதர்களின் குரல் கேட்கவேண்டும் என்பதற்காகவே டிவியைப் போட்டுவைக்கிறேன். அது இல்லாவிட்டால் சுவர்கள் நெருக்குவது போல இருக்கிறது. சத்தத்தைக் குறைத்துவைத்தால் பரவாயில்லையா? பாட்டு மட்டும் ஓடினால்?

கயல்:

தேன்மொழி, மன்னிப்பெல்லாம் எதற்கு. நித்திலாவின் அப்பாவுக்கு இருக்கும் அதே தனிமைதான் இது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

சத்தத்தைக் குறைப்பது நிச்சயம் உதவும். இரைச்சலுக்கு நடுவில் பேச்சைப் பிரித்துக் கேட்பது குழந்தைகளுக்கு நம்மைவிட எவ்வளவோ கடினம். ரோஷெல் நியூமன் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னால் வேறு பேச்சுச் சத்தம் இருந்தபோது, 5 மாத, 9 மாதக் குழந்தைகள் தங்கள் சொந்தப் பெயரையே அடையாளம் காண, அது அந்தச் சத்தத்தைவிட 10 டெசிபெல் ஓங்கி ஒலிக்க வேண்டியிருந்தது. 13 மாதத்தில் 5 டெசிபெல் போதும் என்ற நிலை வந்தது. நம்மால் பேச்சு இரைச்சலைவிடத் தாழ்ந்திருந்தாலும் பெரும்பாலும் புரிந்துகொள்ள முடியும். அதனால் 'எனக்குக் கேட்கிறதே, அவளுக்கும் கேட்கும்' என்று கணக்குப் போட வேண்டாம்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரியானா மெக்மிலன், ஜெனி சாஃப்ரன் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வும் எனக்குப் பிடித்த ஒன்று. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் புதுச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னணிப் பேச்சு தாழ்ந்திருந்தபோது கற்றார்கள், உரக்க இருந்தபோது கற்கவில்லை. ஆனால் அந்தச் சொற்களை முதலில் அமைதியில் வாக்கியங்களுக்குள் கேட்டிருந்தால், பிறகு இரைச்சல் இருந்தபோதும் அவற்றின் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் சத்தத்தை முழுக்க ஒழிக்க யாராலும் முடியாது. நாளில் சில அமைதியான நேரங்கள் கிடைத்தாலே அதற்குப் பலன் உண்டு.

பாட்டு கேளுங்கள், ஆனால் நாள் முழுக்க வேண்டாம். கேட்கும்போது அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு சேர்ந்து பாடுங்கள், அது வேறு விஷயம். உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சியை அவள் தூங்கும்போது முழுசாக, நிம்மதியாகப் பாருங்கள். பகலில் ஒருமுறையாவது யாரையாவது அழைத்துப் பேசுங்கள். உங்கள் குரல் அவள் காதில் விழும், உங்களுக்கும் மனசு இலேசாகும். சுவர் நெருக்குவது போன்ற அந்த உணர்வு விலகாமல் இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், குழந்தை பிறந்த முதல் ஆண்டில் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியது அவர்கள் கடமை.

நித்திலா:

கயல், மிக்க நன்றி. நேற்று அப்பாவிடம் பேசினேன். வளையம் கதையைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார். "அப்படியா, நானும் பார்க்கிறேன்" என்று இன்று காலை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சாயங்காலம் என்னிடம் ஒன்று சொன்னார். "அணைத்துவிட்டேன் அம்மா, ஆனால் அவனோடு என்ன பேசுவது? அவன்தான் பதிலே சொல்ல மாட்டானே." அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளை அம்மா, தாத்தா, பூனை, வண்டி இப்படி ஏழெட்டுச் சொல் சொல்கிறான். விரல் நீட்டிக் காட்டுகிறான். இது குறைவா? அப்பாவுக்குச் சத்தம் வெளியே வராத ஹெட்போன் வாங்கித் தரலாமா?

கயல்:

உங்கள் அப்பாவை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் கேட்ட அதே கேள்வியை எத்தனையோ தாத்தாக்கள் மனசில் வைத்துக்கொண்டு கேட்காமலே இருக்கிறார்கள்.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். பையன் கையில் என்ன இருக்கிறதோ அதைப் பற்றி மட்டும் பேசினால் போதும். "சிவப்பு வளையம் எடுத்துட்டியா? பெரிசா இருக்கே. உள்ளே போகுதா பாரு. போயிடுச்சு!" அவ்வளவுதான். கேள்வி மேல் கேள்வி கேட்க வேண்டாம், சொல்லிக்கொண்டே போகலாம். நடுவில் ஒரு ஐந்தாறு நொடி விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில் பையன் ஒரு சத்தமோ பார்வையோ தருவான், அதுதான் பதில். அவன் வளையத்தில் ஆழ்ந்திருந்தால் அப்பாவும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். அவன் நிமிர்ந்து அவரைப் பார்க்கும்போது பேசினால் போதும்.

இன்னொன்று, அவர் எப்படியும் நாளிதழ் படிக்கிறார். அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், பையனை மடியில் வைத்துக்கொண்டு. படங்களில் விரல் வைத்து "இது யார்? மாமா. இது என்ன? வண்டி" என்று போகலாம். செய்தி அவனுக்குப் புரிய வேண்டியதில்லை. தாத்தாவின் குரலும் விரலும் ஒரே இடத்தில் இருக்கின்றன, அவன் கண்ணும் அங்கே போகிறது. 'வெறிச்சென்று' இருக்கும் வீட்டுக்கும் அவர் குரலே துணையாகும்.

ஹெட்போன் நல்ல யோசனைதான், ஆனால் பையன் தூங்கும்போதும் நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் மட்டும். அவர் தனியாக அவனைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் காதை மூடிக்கொண்டால் அவன் விழுந்தாலும் இருமினாலும் கேட்காது. மற்ற நேரங்களில், பேச்சைத் திரையில் காட்டும் எழுத்து வரிகளைப் போட்டுச் சத்தத்தைக் குறைக்கலாம். அதற்கெல்லாம் முன்னால் அவர் காதைப் பரிசோதித்துவிடுங்கள். காது கேட்கும் கருவி தேவைப்பட்டால், டிவி ஒலியை நேராகக் கருவிக்கே அனுப்பும் வசதி இப்போது பலவற்றில் இருக்கிறது. பேரனின் மெல்லிய குரலும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். மழலைக்கு அவர் பதில் சொல்லாமல் போவதில் பாதி, கேட்காததாலும் இருக்கலாம்.

பையனைப் பற்றி: ஏழெட்டுச் சொல் இந்த வயதுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் விரல் நீட்டிக் காட்டுகிறான் என்பது நல்ல அறிகுறி. சொல்லின் எண்ணிக்கையைவிட நான் அந்த விரலைத்தான் அதிகம் மதிப்பேன். இரண்டு வயது ஆகும்போது சொற்கள் கூடி, 'வண்டி போச்சு' மாதிரி இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். அப்போதும் சேர்க்கவில்லை என்றாலோ, இடையில் சொன்ன சொற்களை விட்டுவிட்டான் என்றாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தாத்தாவுக்குக் காது பார்க்கப் போகும் அன்றைக்கே அவனுக்கும் பார்த்துவிட்டால் ஒரே அலைச்சலில் முடிந்துவிடும்.